தாராபுரம் ரோட்டில் ஒரு ஏரோப்பிளேன் வீடு

பழைய ஸ்கூல் வேன்.
மஞ்சள்மேல் இரண்டு கோட்டிங் வெள்ளை அடித்தும்
வெயில் ஏற ஏற
'குழந்தைகள் கவனம்' என்று
முதுகில் எழும்பி வருகிறது.
பின்னால் வரும் பஸ்கள் ஹாரன் அடிக்காமல்
ஒதுங்கிப் போகின்றன,
ஐம்பத்தாறு வயதுக் குழந்தைக்கும்
ஐம்பத்தொன்றுக்கும்.

சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில்,
ஒற்றை அடுப்பு, தண்ணீர் கேன்,
கொக்கியில் ஆடும் துண்டு.
சங்ககிரி தாண்டும் முன்பே ரசம் கவிழ்ந்தது.
மூன்றாம் நாளும்
வண்டி பெருங்காயமாய் மணக்கிறது.

இருபத்தாறு வருடம் நாமக்கல்லிலிருந்து
இதே ரோட்டில் கோழித்தீவன லோடு,
எல்லாம் ராத்திரியில்.
செல்போன் வந்த பிறகு
இரண்டு மணிக்குக் கூப்பிடுவார் ஆறுக்குட்டி.
"எங்கீங்க இருக்கறீங்க?"
"டைனோசர்கிட்ட."
இன்னொரு நாள், "காத்தாடிக தூங்குது கோகிலா,
செவப்பு லைட்டு மட்டும் முழிச்சுக்கிட்டிருக்குது."
ஒரு நாள்,
"தாராபுரம் ரோட்டுல ஒருத்தன்
மொட்டைமாடியில ஏரோப்பிளேன் கட்டியிருக்கறான்.
சிமெண்டுல.
றெக்கைக்கு அடியில துணி காயுது."

துணி காய்கிறது என்றதால்
நம்பிவிட்டேன்.

டைனோசர் இருந்தது.
பெருந்துறை தாண்டி ஒரு மோட்டல் வாசலில்,
வால் உடைந்து கம்பி தெரிய.
வயிற்றுக்குள் கக்கூஸ்.
ஆண்கள் முன்கால், பெண்கள் பின்கால், ஐந்து ரூபாய்.
பின்காலுக்குள் போய்விட்டு வந்தேன்.
"நல்லா இருந்துச்சா?" என்கிறார்,
தானே கட்டியது போல.

ஊத்துக்குளியில் வாங்கிய வெண்ணெய்
சிவன்மலைப் படிக்கு வருவதற்குள் எண்ணெய்.
மேலே கண்ணாடிப் பெட்டிக்குள்
யார் கனவிலோ ஆண்டவன் வந்து கேட்டதாம்,
ஒரு படி துவரை.
விலை ஏறுமா இறங்குமா என்று
வரிசை முழுக்கத் தர்க்கம்.
"கனவுல கண்டதுக்கெல்லாம்
பெட்டி போட்டு வெச்சிருக்கறாங்க பாரு"
என்று சிரித்தவர்
பாதியில் நிறுத்திக்கொண்டார்.

காங்கேயம் காளைச் சிலை
போனில் இன்னும் பெரிதாக இருந்தது.

தாராபுரம் ரோட்டில்
மூன்று தரம் போனோம், மூன்று தரம் திரும்பினோம்.
இந்தப் புளியமரம் தாண்டித்தான் என்றார்.
புளியமரமே இல்லை.
பஞ்சர் கடைப் பையன்
"ஏரோப்பிளேன் வீடுங்களா?
சூலூருக்குப் போங்க,
அங்க நெசமான ஏரோப்பிளேனே ஓடுது" என்றான்.
நாலாம் தரம் திருப்பும்போது
ஸ்டியரிங் ஈரமாகிவிட்டது.
"ரோட்டை அகலம் பண்ணறப்ப
இடிச்சுப்போட்டாங்களாட்ட இருக்குது."

"இருக்கும்" என்றேன்.

அது எந்த ராத்திரி என்று அவருக்கு ஞாபகமில்லை.
சேலை ஆறு, நகைப்பை, ரேஷன் கார்டு,
பையன் டீசி வாங்க எழுதிய லெட்டர்.
விடிந்தால் முதல் பஸ்ஸில் அம்மா வீடு
என்று கட்டிய பெட்டிமேல் உட்கார்ந்துதான்
போனை எடுத்தேன்.
அதைச் சொல்லவேண்டும் என்றுதான் எடுத்தேன்.
அவர் துணி காயுது என்றார்.
யார் துணிங்க என்று கேட்டுவிட்டேன்.
பொம்பளைத் துணிதான், ஒரு பச்சைப் பாவாடை,
காத்துக்கு ஏரோப்பிளேனே எந்திரிக்கிற மாதிரி,
என்று பல்லடம் வரைக்கும் பேசினார்.
பச்சைப் பாவாடை என்னுடையது.

பொழுது சாய
காத்தாடி றக்கை ஏற்றிய டிரைலர் ஒன்று
ரோட்டோரம் நின்றது.
அரை பர்லாங் நீளம் என்றால் நம்புவீர்கள்,
அப்படி ஒரு வெள்ளை றக்கை.
பக்கத்திலேயே வேனை நிறுத்தச் சொன்னேன்.
அவர் கேனோடு தண்ணீருக்குப் போன நேரம்
டிரைவர் தம்பியிடம் கேட்டு
கட்டுக் கம்பிக்கும் நம் கண்ணாடிக்கும்
கயிறு கட்டி
அவர் லுங்கி, துண்டு, என் ஜாக்கெட் எல்லாம்
அலசிப் போட்டேன்.

வந்தார். கேனை இறக்கவில்லை.
றக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
பார்த்தார்.

"காலையில அஞ்சு மணிக்கு எடுத்துருவானாம்.
அதுக்குள்ள காயுமா?"

"காத்து அடிக்குதில்லீங்க" என்றேன்.